ஊரே நம்பிக்கை வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கேள்வி: ஏற்காட்டு அத்தை

என் அண்ணன் குடும்பத்தினர் ஏற்காட்டில் தலைமுறைகளாகக் காப்பித் தோட்டக் கூலிகள். அவர் மகன் அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால், இவன்தான் நம் ஊரின் முதல் டாக்டர் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். நீட் தேர்வில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. தோட்டக்கலை படிக்கிறேன் என்றான், "நாங்கள் மண்ணில் பட்ட பாடு போதாதா?" என்று அண்ணன் கலங்கிப்போய், சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டார். அதற்கு ஊரார் பணம் திரட்டிக் கொடுத்ததாலேயே அவனால் மறுத்துப் பேச முடியவில்லை. இப்போது சரியாக உண்பதும் இல்லை, உறங்குவதும் இல்லை. அவனிடம் நான் என்ன சொல்வது?

பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். அவனிடம் பேசுவதற்கு முன்னால் அண்ணனிடம் பேசுங்கள். சிக்கலான பிரசவம் என்றால் நள்ளிரவிலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்க வேண்டிய மக்கள், தங்கள் பிள்ளை ஒருவன் மருத்துவராக வேண்டும் என்று ஏங்குவதில் குற்றமே இல்லை. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கும் கடமை அரசுடையது. கிராம சபையில் மனுவாகக் கொடுக்க வேண்டியதை ஓர் இளைஞனின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-இல் கைவிட்டது. நாம்தான் இன்னும் கைவிடவில்லை.

தோட்டக்கலைப் பட்டம் என்பது கூலி வேலை அல்ல என்பதை அண்ணன் நேரில் பார்க்கட்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. அந்தப் படிப்புக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. உறக்கமின்மையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே அவன் பேசலாம்.

பதில்: வாழவந்தி செவிலியர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஊராரின் எதிர்பார்ப்பையே பழிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என்மீது நம்பிக்கை வைத்ததால்தான் பத்தாம் வகுப்போடு மிளகு பறிக்க அனுப்பாமல் என்னைப் படிக்க வைத்தார்கள். யாருமே எதையும் எதிர்பார்க்காத பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், இந்த மலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆகவே, திரட்டிய பணம் அவன் விரும்பும் எந்தப் படிப்புக்கும் உரியது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரே அவனிடம் சொல்லட்டும். அக்கா, நீங்கள் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். பணம் கொடுத்தவர் சொன்னால்தான் நம்புவான்.

ஏற்காட்டு அத்தை

இருவருக்கும் நன்றி. பணம் திரட்டியதில் ஊர்க்கவுண்டருக்குப் பெரும்பங்கு உண்டு. அவரையும் அண்ணனையும் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். பயிற்சி மையத்தில் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திரும்பப் பெற்றவர்கள் இங்கே இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.