கதவைச் சாத்தியும் லைட் அணையவில்லை: ஓவன் டோர் ஸ்விட்ச் அனுபவங்கள்

சுவரில் பதித்த எலெக்ட்ரிக் ஓவன், 9 வருஷமாக ஓடுகிறது. இரண்டு மாதம் முன்பு புதுசாக ஒரு கோளாறு. நன்றாகச் சூடேறி 20 நிமிஷம் ஆனதும் உள்ளே லைட் தானாக எரியும், பின்பக்க ஃபேன் நின்றுவிடும். கதவை லேசாக அமுக்கினால் லைட் அணைந்து ஃபேன் ஓடும். கையை எடுத்தால் பழையபடி. ஆறவிட்டு மறுநாள் போட்டால் ஒரு குறையும் தெரியாது.

பார்க்க வந்த மெக்கானிக் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்றணும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போர்டு போயிருந்தால் கதவை அமுக்கியதும் எப்படிச் சரியாகும்? கதவு திறந்திருக்கும்போதுதான் இந்த ஓவனில் லைட் எரியும், ஃபேன் நிற்கும். இரண்டும் ஒரே நொடியில் மாறுகிறது என்றால், கதவு திறந்திருப்பதாக ஓவனுக்குத் தகவல் போகிறது. அந்தத் தகவலைக் கொடுப்பது டோர் ஸ்விட்ச்.

ஓவன் ஆறியிருந்தபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேல் ஃப்ரேமில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன பட்டனை ஒரு மரக்கரண்டியின் காம்பால் அழுத்தினேன். லைட் அணைந்தது. பத்துத் தடவை அழுத்தினேன், பத்துத் தடவையும் 'டிக்' என்று சுத்தமான சத்தம்.

அப்புறம்தான் எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்கி, கரன்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டு, தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓவனை வெளியே இழுத்தேன். ஸ்விட்சில் மூன்று முனை: காம் (பொது முனை), என்.ஓ. (பட்டனை அழுத்தினால் காமோடு சேர்வது), என்.சி. (அழுத்தினால் காமை விட்டுப் பிரிவது). எந்த ஒயர் எதில் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மூன்றையும் கழற்றினேன். ஒயர் மாட்டியபடியே அளந்தால் பல்பு வழியாகவும் மல்டிமீட்டர் சுற்றிப் படிக்கும், அந்த அளவை நம்ப முடியாது. பட்டனை அழுத்தினால் காமுக்கும் என்.ஓ.வுக்கும் நடுவே 0.2 ஓம்ஸ், விட்டால் இணைப்பே இல்லை. என்.சி.யில் அப்படியே தலைகீழ். ஸ்விட்ச் பழுதில்லை.

அப்படியானால் கதவுதான் அதை முழுசாக எட்டவில்லை. ஓவனைப் பழையபடி பதித்துவிட்டு, கதவுக்கும் ரப்பர் கேஸ்கெட்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, நாலு மூலையிலும் இழுத்துப் பார்த்தேன். மூன்று மூலையில் இறுக்கமாகப் பிடித்தது. ஸ்விட்ச் இருக்கிற வலது மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கக் கீல் தளர்ந்திருந்தது, கேஸ்கெட்டும் கொக்கியை விட்டு வெளியே பிதுங்கியிருந்தது. குளிர்ந்திருக்கையில் நூலிழையில் எட்டிக்கொண்டிருந்த கதவு, சூட்டில் உலோகம் விரிந்ததும் பட்டனை விட்டு விலகியிருக்கிறது. கீல் இரண்டையும் ஜோடியாக மாற்றி, கேஸ்கெட்டைத் திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட லைட் தானாக எரியவில்லை.

ஒயர் இரண்டையும் நேராகச் சேர்த்துவிடு, ஸ்விட்சே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கதவைத் திறந்ததும் ஃபேன் அனல்காற்றை நேரே முகத்தில் அடிக்கும். சில மாடலில் ஹீட்டரை நிறுத்துவதும் இதே ஸ்விட்ச்தான்.

* * *

சகோ, எனக்கும் இதே அறிகுறிதான், ஆனா முடிவு நேர்மாறு. என் ஓவன்ல கதவு கச்சிதமா இருந்துச்சு, ஸ்விட்ச்தான் போயிருந்துச்சு. மீட்டரை பீப் சத்தத்துல வெச்சுப் பார்த்து நல்லாதான் இருக்குன்னு ஒரு வாரம் ஏமாந்தேன். பல மீட்டர்ல சில பத்து ஓம்ஸ் இருந்தாலும் பீப் வந்துடும். ஓம்ஸ்ல வெச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது: ஒரு தடவை அழுத்தினா 0.3, அடுத்த தடவை 18, அதுக்கடுத்து 40க்கு மேல. உள்ளே கான்டாக்ட் கருகிப்போயிருந்துச்சு, மாட்டியிருந்த முனையும் பழுப்பேறியிருந்துச்சு.

புதுசு வாங்கும்போது ஆம்ப்ஸ் மட்டும் பார்க்காதீங்க. ஸ்விட்ச் உடம்புலயே எத்தனை டிகிரி தாங்கும்னு போட்டிருக்கும். டி85ன்னு போட்டதும் டி150ன்னு போட்டதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பழசுல என்ன இருக்கோ அதுக்குக் குறையாம வாங்குங்க.

* * *

மைக்ரோவேவ் ஓவன் வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதைப் படித்துவிட்டு கவரைக் கழற்றிவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். அதில் பொதுவாக மூன்று டோர் ஸ்விட்ச். கதவு திறந்த பிறகும் முதல் ஸ்விட்ச் விடாமல் ஒட்டிக்கொண்டால், காவலுக்கு இருக்கும் ஸ்விட்ச் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். எங்கள் வீட்டில் கதவைத் திறக்கும்போது ஃபியூஸ் போனது. ஃபியூஸில்தான் குறை என்று நினைத்துப் புதிது போடச் சொன்னோம். அதுவும் அன்றைக்கே போனது.

உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 2000 வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், உயிரை எடுக்கும் அளவுக்கு. அடுத்து வந்த டெக்னீஷியன் அதை முறைப்படி டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் ஸ்விட்ச் பக்கமே கையை வைத்தார். முதல் ஸ்விட்சின் கான்டாக்ட் உருகி ஒட்டியிருந்தது, கதவுக் கொக்கியும் தேய்ந்திருந்தது. மூன்று ஸ்விட்சையும் கொக்கியையும் மாற்றினார். பிறகு உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிட்டு, கதவைச் சுற்றிலும் 5 செ.மீ. தள்ளி அதற்கான மீட்டரைப் பிடித்து மைக்ரோவேவ் அலையின் கசிவை அளந்தார். சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. முள் அசையவே இல்லை.