முத்தையா தாத்தா குடும்பம் 🐂🌾

17 ஜனவரி 2022, திங்கள்

ராணி பெரியம்மா: பாண்டி கடை ஷட்டர் பாதி தொறந்திருக்காம். உள்ள அவனேதான் நிக்கிறானாம். நெசமா?

அம்மா: யாருக்கா சொன்னா

ராணி பெரியம்மா: பால்காரர்

சதீஷ்: அலங்காநல்லூர் லைவ் ஓடுது. நேத்து முழு ஊரடங்குன்னு இன்னைக்குத் தள்ளி வச்சதுல கூட்டமே இல்ல. 150 பேருக்கு மேல உள்ள விடலயாம்

காசி சித்தப்பா: எல்லாரும் கவனிக்கவும். இந்த மாசம் 5ஆம் தேதி மத்திய சுகாதாரத்துறை புது வழிகாட்டுதல் குடுத்திருக்கு. கொரோனா பாசிட்டிவ் வந்த நாள்லருந்து குறைஞ்சது 7 நாள் தனிமை. அதுல தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. ஜன்னல் வச்ச தனி ரூம். மூணு அடுக்கு மாஸ்க், 8 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஆக்சிஜன் 93க்குக் கீழ வரக் கூடாது. 7 நாள் முடிஞ்சா திரும்ப டெஸ்ட் வேண்டியதில்ல. பாண்டிக்கு ரிசல்ட் வந்தது 15, மாட்டுப்பொங்கல் அன்னைக்கு. ஆக 22 வரைக்கும் வெளிய வரக் கூடாது. பவி வளைகாப்பு 21.

நான்: சித்தப்பா ரிட்டயர்டு ஆனதையே மறந்துட்டாரு

மீனா அத்தை: அவுக சாவி குடுக்கத்தான் போனாக. மாஸ்க் போட்டுத்தான் போனாக

ராணி பெரியம்மா: சாவிய நீ குடுக்கக் கூடாதா

மீனா அத்தை: எனக்கும் தொண்ட கட்டிக்கிச்சு மதினி

அம்மா: ஐயோ. டெஸ்ட்டு?

மீனா அத்தை: எதுக்கு, வீட்டுக்கு ஒண்ணு போதும்

பாண்டி மாமா: பாத்திரக்கடைக்குப் பொங்கல் யாவாரந்தான் வருசத்துச் சோறு. அதுவும் போச்சு. ரெண்டு பயலுகளுக்குச் சம்பளம் வழிகாட்டுதலா குடுக்கும்?

காசி சித்தப்பா: கோவப்படாதீக மாப்ள. நிறைமாசப் பிள்ளை இருக்கிற வீடு. பவி ரெண்டு ஊசி போட்டிருந்தாலும்

பாண்டி மாமா: தாய்மாமன் இல்லாம வளையல் போட்டுருவீகளா

அம்மா: யாரு அப்பிடிச் சொன்னா தம்பி

பாண்டி மாமா: காதுகுத்துக்கும் இதேதான். திருப்பூர் பஸ்ஸு லேட்டு. வந்து பாத்தா பிள்ளை காசி மச்சான் மடியில ஒக்காந்திருக்கு

காசி சித்தப்பா: நல்ல நேரம் முடியப் போச்சு. எத்தன வருசத்துக்கு இதையே சொல்லுவீக

பாண்டி மாமா: நான் டெஸ்ட் எடுத்தேன், அதான் கொரோனாக்காரன் ஆயிட்டேன். போகி அன்னைக்கு நீங்க தும்முனது மாட்டுக் கொட்டம் வரைக்கும் கேட்டுச்சே, டெஸ்ட் எடுத்தீகளா?

காசி சித்தப்பா: அது சுண்ணாம்புத் தூசி. வெள்ளையடிச்சது.

சதீஷ்: 😂😂😂

காசி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராணி பெரியம்மா: என்னத்த அழிச்ச காசி

பவி அக்கா: மாமா, நீங்க வராம நான் கைய நீட்ட மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை வராதீங்க. ஞாயித்துக்கிழமை வச்சுக்குவோம்

அம்மா: அன்னைக்கும் ஊரடங்கு போட்டா? பஸ்ஸே ஓடாதுடி

காசி சித்தப்பா: திருமணம் மற்றும் திருமணம் சார்ந்த நிகழ்ச்சிக்கு 100 பேர் வரைக்கும் அனுமதி. வளைகாப்பு அதுல சேருமான்னு

ராணி பெரியம்மா: சம்பந்தி வீட்டுல கேட்டீகளா மொதல்ல. அவுகளே நாப்பது பேரு வருவாக

அம்மா: மாப்ள போன் எடுக்கல. அலங்காநல்லூர் பாப்பாரு

மீனா அத்தை: வெள்ளிக்கிழமைன்னா வளையலும் சீரும் குமரன்ட்ட குடுத்து விடுறோம். அவுக வீடியோல பாக்கட்டும்

பாண்டி மாமா: வீடியோல சந்தனம் பூசுவியா

நான்: நான் வாசல்லயே நின்னு வாங்கிக்கிறேன் அத்தை

ராணி பெரியம்மா: மீனா, கபசுரக் குடிநீர் போடு. ரெண்டு பேரும் குடிங்க. பவிக்குக் குடுத்துராதீக

சதீஷ்: ப்ப்பா என்ன காளைடா!!! ஒருத்தனும் கிட்ட போகல

பாண்டி மாமா: ஷட்டர இழுத்து மூடிட்டேன். வீட்டுக்குக் கெளம்பிட்டேன். போதுமா

காசி சித்தப்பா: நடந்தா, ஷேர் ஆட்டோவா?

பாண்டி மாமா: நடந்துதான் மச்சான். ஆத்தாடி

ராணி பெரியம்மா: டீக்கடைல நிக்காத

அம்மா: சமையல்காரர் லைன்ல இருக்காரு. எல எத்தனைன்னு கேக்குறாரு. வெள்ளியா ஞாயிறா, எதாச்சும் ஒண்ணு சொல்லுங்க

சதீஷ்: 80ன்னு சொல்லுங்க சித்தி

காசி சித்தப்பா: 60 போதும்

அம்மா: கெழமையச் சொல்லுங்கன்னா