ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கடை எல்லாம் பூட்டு. ஜெர்மனியில் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி:
ஸ்டுட்கார்ட் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன ஞாயிறு மூன்று வயது மகளுக்கு 39 டிகிரி காய்ச்சல், ஊரிலிருந்து கொண்டுவந்த சிரப்பும் தீர்ந்துவிட்டது. தெருமுனை மருந்துக்கடை பூட்டிக் கிடந்தது, பெட்ரோல் பங்க் கடையில் பாரசிட்டமால் கேட்டால் இல்லை என்கிறார்கள். ராத்திரி முழுக்க ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். அடுத்த முறை நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா?

பதில் 1:
பாரசிட்டமால் இங்கே அப்போதெக்கேயில், அதாவது மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் தேடாதீர்கள். பூட்டிய கடையின் கதவைப் பாருங்கள், அன்றைக்கு நோட்டீன்ஸ்ட், அதாவது அவசர முறைக்குத் திறந்திருப்பது எந்தக் கடை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அங்கே போய் மணி அடித்தால் சின்ன ஜன்னல் வழியாக மருந்து தருவார்கள், 2.50 யூரோ கூடுதலாக வாங்குவார்கள், அவ்வளவுதான்.

பதில் 2:
மூச்சுத் திணறல், வலிப்பு, கூப்பிட்டால் கண் திறக்காத நிலை என்றால் யோசிக்காமல் அவசர எண் 112. வெறும் காய்ச்சலுக்கு 116117 என்ற மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இரவிலும் விடுமுறையிலும் எந்த டாக்டரிடம் போகலாம் என்று சொல்வார்கள். எமர்ஜென்சியில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள், யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதலில், காய்ச்சல் குழந்தையோடு மணிக்கணக்காக உட்கார வேண்டிவரும். அரசு காப்பீட்டில் இருந்தால் டாக்டரிடம் சீட்டு வாங்கிவிடுங்கள், 12 வயதுக்குள் சாதாரண காய்ச்சல் மருந்துக்கும் காப்பீடே பணம் கொடுக்கும்.

பதில் 3:
ஒன்றை யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து கவனியுங்கள். ஊரில் கொடுத்த அதே 5 மில்லியை இங்கே கொடுக்காதீர்கள். நம் ஊர் பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும், இங்கே பெரும்பாலும் 200. இன்னொரு காய்ச்சல் மருந்தான இபுப்ரோஃபென் சிரப்பிலும் 2%, 4% என்று இரண்டு உண்டு, ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. குழந்தை எத்தனை கிலோ என்று சொல்லிக் கேளுங்கள், எத்தனை மில்லி என்று கடையிலேயே எழுதித் தருவார்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, கதவில் ஒட்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். அப்புறம் இன்னொன்று, அம்மா இரண்டு மாதம் வந்து இருக்கப் போகிறார், பிரஷர் மாத்திரை இங்கே வாங்க முடியுமா?

பதில் 2:
சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். இங்கே சில மாதம் வந்துபோக வாங்கும் ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு அவசரத்துக்குத்தான், தினசரி மாத்திரைக்கு உதவாது. இரண்டு மாதத்துக்கும் மேலே கொஞ்சம் சேர்த்தே எடுத்துவரச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டோடு, கைப்பையில்.