மறு: மும்மை, நின்றொளிர்வு: திங்களுக்குள் சொல் வேண்டும்

கண்டியிலிருந்து:
அன்பின் நண்பர்களுக்கு, செய்முறைக் கையேடு திங்கள் அச்சுக்குப் போகிறது. இருபென்சோதயோபீனை (கந்தகமுள்ள ஒரு சேதனச் சேர்வை) ஈதர், ஐசோபென்ரேன், எதனோல் 5:5:2 கலவையில் கரைத்து, குவாட்ஸ் குழாயில் விட்டு, 77 கெல்வினில் திரவ நைதரசனுக்குள் இறக்கும் பகுதி. புறஊதா விளக்கை அணைத்தபிறகும் நீல ஒளி ஓரிரு வினாடி நிற்கும். இந்த ஒளிர்வுக்கு ‘பொசுபரொளிர்வு’ (phosphorescence) என்று போட்டால் பிள்ளைகள் குழாய்க்குள் பொசுபரசைத் தேடுவார்கள். ‘நின்றொளிர்வு’ சரிவருமா? ட்ரிப்லெட்டுக்கு, அதாவது இரண்டு இலத்திரன்களின் கறங்கல் (spin) ஒரே பக்கமாக இருக்கும் நிலைக்கு, ‘மும்மை’?

பதுளையிலிருந்து:
பொசுபரசை விடுங்கள், நல்லது. வெண்பொசுபரசு இருட்டில் மினுங்குவது ஒட்சிசனோடு நடக்கும் தாக்கத்தால். பெயரே பிழையாய்ப் பிறந்தது. ஆனால் ‘நின்று’ எதற்கு? கந்தகம் இல்லாத ஒத்த சேர்வையான புளோரீனில் (fluorene) பல வினாடி நிற்பது, கந்தகம் புகுந்ததும் ஏறத்தாழ 1.5 வினாடியாகக் குறைகிறது. கறங்கல்–ஒழுக்கு இணைப்பு (இலத்திரனின் கறங்கலும் அதன் ஒழுக்கும் பிணைவது) கூடுவதால். இரண்டு கந்தகமுள்ள தயந்திரீனில் கண் இமைக்குமுன் போய்விடும். தாமதித்த புளோரொளிர்வும் (கறங்கல் மாறாமல், ஆனால் பிந்தி வரும் ஒளி) நிற்கத்தான் செய்கிறது. வரையறை கறங்கல் மாறுவதில் இருக்கிறது, நேரத்தில் இல்லை. என் சொல் ‘கறங்கல்மாறொளிர்வு’. கறங்குதல் சுழலல், ஒலித்தல் இரண்டுக்கும் உரியது. காற்றாடிக்கும் கறங்கு என்று பெயர்.

ஹட்டனிலிருந்து:
ஐயா, காற்றாடி பறக்கட்டும். பத்து எழுத்துச் சொல்லை அட்டவணைத் தலைப்பில் எப்படி அடைப்பது? ‘மும்மை’ எனக்குச் சம்மதம். குறள் 398இல் ஒருமையும் எழுமையும் சேர்ந்தே வருகின்றன, மரபு இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில்: 2S+1 ஐக் (S மொத்தக் கறங்கல் எண்) கையேட்டில் ‘பன்மை’ என்கிறீர்கள். அப்படியானால் ஒருமையின் (கறங்கல்கள் எதிரெதிராகச் சோடிசேர்ந்த நிலை, S=0) பன்மை 1! ஒருமை பன்மை மயக்கம் இலக்கணப் பாடத்தோடு போகட்டும், ‘பன்மடி’ என்று வையுங்கள். மும்மை என்றால் மூன்று மடங்கு சக்தி என்று எடுப்பவர்களும் உண்டு. அதே அருட்டலில் (இலத்திரன் மேல்நிலைக்கு ஏறுவதில்) மும்மை ஒருமையிலும் தாழ்ந்தது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும்.

நுவரெலியாவிலிருந்து:
77 கெல்வின் கடல்மட்டக் கணக்கு. இங்கே அமுக்கம் குறைவு, 75 சொச்சத்திலேயே நைதரசன் கொதிக்கும். ‘கொதிநிலையில்’ என்று எழுதினால் போதும். குழாயின் வெளிப்புறத்தில் மூடுபனி படிந்து உறைந்தால் ஒளி சிதறும். துடைத்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். சொல்லுக்கு: நின்றொளிர்வு.

கண்டியிலிருந்து:
நின்றொளிர்வு, மும்மை, பன்மடி. நேரம் இல்லை, இதையே அனுப்புகிறேன். பழைய சொல் அடைப்புக்குள் இருக்கும்.

பதுளையிலிருந்து:
மும்மைக்கு உடன்பாடு. நின்றொளிர்வுக்கு என் மறுப்பு நிற்கிறது. அது கிடக்க, பட்டியலில் வெறும் ‘எதனோல்’ என்றிருக்கிறது. ‘நீரற்ற எதனோல்’ ஆக்குங்கள். தண்ணீர் கலந்தால் கண்ணாடிபோல உறையும் கரைசல் பால்போல வெளுத்துக் கீறும்.