கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கர உக்கார வைக்கணுமா, ஆடுற முறைய மாத்தணுமா?

கீழக்கரை_மிட்ஃபீல்டு:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். எங்க டீம் ஸ்ட்ரைக்கர் பத்தி ஒரு யோசனை வேணும். போன சீசன்ல பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் எங்க போய் ஆடினாலும் இந்தத் தம்பிய கவனிக்கன்னே எதிர் டீம்ல ரெண்டு பேர் நிப்பாங்க, அப்படி அடிச்சிட்டு இருந்தவன். இப்ப ரொம்ப நாளா ஒரு கோலும் வரல.

என்ன மாறுச்சுன்னா, முன்ன 4-4-2 (முன்னாடி ரெண்டு ஸ்ட்ரைக்கர்) ஆடுனோம், கூட உயரமா ஒரு காக்கா (எங்க ஊர்ல அண்ணன) ஆடுவாரு, மேல வர்ற பந்த தலையால தட்டி விடுவாரு, தம்பி டிஃபென்ஸுக்கு பின்னாடி ஓடி எடுத்துப்பான். காக்கா வேலைக்கு துபாய் போயிட்டாரு. அதுக்கப்புறம் 4-3-3 (ரெண்டு பக்கமும் விங்கர், நடுவுல ஒரே ஸ்ட்ரைக்கர்), தம்பி நடுவுல தனியா நிக்கிறான். லெஃப்ட் விங்ல ரைட் கால் பையன், அவன் லைனுக்கு போகாம உள்ள வெட்டி வந்து அவனே அடிச்சிடுறான், அதுல நல்லாவே கோல் வருது, டீமும் ஜெயிக்குது. கோச் தம்பிகிட்ட கீழ இறங்கி வந்து பந்த வாங்கிக் குடுன்னு சொல்றாரு. ஆனா கிரவுண்ட்ல உக்காந்திருக்கவங்க எல்லாம் ஒம்போதாம் நம்பர (நடு ஸ்ட்ரைக்கர, அதாவது தம்பிய) மாத்துன்னு கத்துறாங்க. பையன் இப்ப பிராக்டிஸுக்கு வரவே யோசிக்கிறான். என்ன செய்யலாம்?

தொண்டி_ரசிகன்:
தம்பி, மொதல்ல ஒண்ணு செய்ங்க, அடுத்த மேட்ச்ச யாராவது போன்ல எடுத்து, பெனால்டி பாக்ஸ் உள்ள அவன் காலுக்கு எத்தன தடவ பந்து போச்சுன்னு மட்டும் எண்ணுங்க. கோல எண்ணாதீங்க. பந்தே போகலன்னா அவன குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஃபெர்னாண்டோ டோரஸ பாருங்க. லிவர்பூல்ல மிட்ஃபீல்டர் ஜெரார்டு பின்னாடி இருந்து தள்ளி விடுவாரு, இவரு காலி இடத்துல ஓடுவாரு, 142 மேட்ச்ல 81 கோல். 2011 ஜனவரி கடைசில 50 மில்லியன் பவுண்டுக்கு செல்சி வாங்குச்சு. செல்சிக்கு எதிரா ஆடுறவங்க பெரும்பாலும் கீழயே அடைச்சு நிப்பாங்க, ஓட இடமே இருக்காது, டீமும் அங்க ஏற்கனவே இருந்த ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பாவுக்கு ஏத்த மாதிரி பழகுன டீம். 903 நிமிஷம் ஆடுன பிறகுதான் ஏப்ரல் 23ம் தேதி வெஸ்ட் ஹாம் கூட முதல் கோல், அதுவும் மழைத் தண்ணி தேங்குன கிரவுண்ட்ல. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வேகம் கொறஞ்சதும் உண்மைதான், ஆனா ஓட்டத்த நம்பி ஆடுற ஆளுக்கு ஓட இடம் இல்லன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதவிட பெரிய உதாரணம் இல்ல.

பாம்பன்_லெஃப்ட்பேக்:
நான் கொஞ்சம் வேற மாதிரி பாக்குறேன். 2018 வேர்ல்டு கப்ல ஃபிரான்ஸோட ஸ்ட்ரைக்கர் ஜிரூ ஏழு மேட்ச்லயும் ஆடுனாரு, ஒரு கோல் இல்ல, கோல் போஸ்டுக்கு நேரா ஒரு ஷாட்கூட இல்ல. ஆனா கோச் தேஷாம் அவர டீம விட்டு எடுக்கல. அவரு சென்டர் பேக்க (நடு டிஃபென்டர) இழுத்துப் பிடிச்சு நிக்கிறதால எம்பாப்பேக்கும் க்ரீஸ்மனுக்கும் வழி கெடைச்சுது, ஆளுக்கு நாலு கோல் அடிச்சாங்க, கப்பும் வந்துச்சு. உங்க லெஃப்ட் விங்கர் அடிக்கிற கோல்ல உங்க தம்பிக்கு பங்கு இருக்கா இல்லையான்னு பாருங்க. அவன் இறங்கி வர்றப்ப சென்டர் பேக் பின்னாடியே வர்றான்னா, அந்த ஓட்டைலதான் விங்கர் நுழையறான். அப்ப அவன தூக்கினா விங்கருக்கும் கோல் நின்னுடும், இத கத்துறவங்க யாரும் யோசிக்க மாட்டாங்க.

கீழக்கரை_மிட்ஃபீல்டு:
ஆமாண்ணே, நீங்க சொன்ன மாதிரிதான் நடக்குது, அவங்க சென்டர் பேக் அவன் பின்னாடியேதான் வர்றான். ஆனா பையனுக்கு கோல் அடிக்கிறதுதானே சந்தோஷம், டீமுக்கு உதவுறன்னு எத்தன நாள் சொல்லி சமாளிக்கிறது?

துபாய்ல_இருந்து_தேவிபட்டினம்:
பென்சிமா கதைய அவன்கிட்ட சொல்லுங்க ப்ளீஸ். ரியல் மாட்ரிட்ல ரொனால்டோவுக்கு இடம் திறந்து விடுறதுதான் ரொம்ப வருஷமா அவரு வேல. 2017-18 லா லிகால வெறும் 5 கோல், சொந்த ரசிகருங்களே விசில் அடிச்சாங்க. ரொனால்டோ போன அடுத்த சீசனே 21. அதே ஆளு, அதே காலு, வேலதான் மாறுச்சு. 2022ல உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது வாங்கும்போது வயசு 34.

இன்னொண்ணும் மனசுல கெடக்கு, சொல்லிடுறேன். 2024 ஜனவரில கத்தார்ல ஏசியன் கப், ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூணு மேட்ச்லயும் இந்தியா ஒரு கோல்கூட அடிக்கல. எல்லாரும் நம்ம ஸ்ட்ரைக்கர் சேத்ரிக்கு வயசாச்சுன்னாங்க. பந்து பாக்ஸுக்குள்ள எத்தன தடவ வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக்) பெரும்பாலான கிளப் நடு ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு வெளிநாட்டு ஆளத்தான் போடுது, நம்ம பசங்கள விங்குக்கு தள்ளிடுறாங்க. ஊர்ல ஒரு பையன் நல்ல நடு ஸ்ட்ரைக்கரா வர்றான்னா அவன காப்பாத்துங்க.

மண்டபம்_பழைய_கோச்:
எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, ஆனா முழுப் பழியையும் டாக்டிக்ஸ் மேல போடாதீங்க. கோல் வராத பையன் செய்றது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், பந்து வந்தா உடனே அடிக்காம இன்னொரு டச் வைப்பான், அதுக்குள்ள கால் வந்து மறைச்சிடும். கிராஸ் வர்றப்ப பெனால்டி ஸ்பாட் பக்கத்துலயே நின்னு பாப்பான், பந்து வர்ற பக்கத்து போஸ்டுக்கு (நியர் போஸ்ட்) ஓட மாட்டான். பிராக்டிஸ்ல ஒரே டச்ல அடிக்கிறத மட்டும் குடுங்க, கோல்கீப்பர் இல்லாம ஆரம்பிச்சாலும் பரவாயில்ல, வலைல பந்து விழுற சத்தம் அவனுக்கு வேணும்.

டீம்ல மாத்த வேண்டியது ரெண்டு. லெஃப்ட் விங்கர் உள்ள வெட்டட்டும், ஆனா ரைட் பக்கம் ரைட் கால் ஆளையே போட்டு லைன் வரைக்கும் போகச் சொல்லுங்க. அங்கருந்து மேல தூக்காம தரையோட பின்னால இழுத்துக் குடுக்கணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நம்ம கடக்கர கிரவுண்ட்ல தூக்கிப் போடுற கிராஸ் எங்க போய் விழும்னு உங்களுக்கே தெரியும், அத நம்பி ஒரு ஸ்ட்ரைக்கர் எத்தன மேட்ச் ஓடுவான்? அடுத்து, தம்பி கீழ இறங்கி வர்றப்ப ஒரு மிட்ஃபீல்டர் அவனத் தாண்டி மேல ஓடணும். பந்த வாங்கிக் குடுத்துட்டு அவன் திரும்பி பாக்ஸுக்குள்ள போறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடக் கூடாது, ரைட் விங்கர் ஒரு நொடி பந்த வச்சிருந்து பாக்கணும்.

எங்க பக்கம் இன்னொரு பிரச்சன, மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14ல முடிஞ்சதும் மீன்பிடி போட்ல வேலைக்குப் போற பசங்க கடலுக்குப் போயிடுவாங்க, ஒவ்வொரு மேட்ச்சும் வேற வேற ஆளு பந்து குடுப்பான். ஸ்ட்ரைக்கருக்கு இது ரொம்ப கெடுதல், யார் எப்ப பந்த விடுவான்னு தெரிஞ்சாதான் அவன் முன்கூட்டியே ஓட முடியும். அவனுக்கு பந்து குடுக்குற ரெண்டு பேரையாவது மாத்தாம வைங்க.

உங்க டீம்ல பெனால்டி யார் அடிக்கிறது?

கீழக்கரை_மிட்ஃபீல்டு:
கேப்டன்தான் அண்ணே, எப்பவுமே அவருதான்.

மண்டபம்_பழைய_கோச்:
அடுத்தது தம்பிக்குக் குடுக்கச் சொல்லுங்க. பெனால்டி நாலுக்கு மூணு உள்ள போற சான்ஸ், அவனுக்கு இப்ப வேற எந்த இடத்துலயும் அவ்வளவு நல்ல சான்ஸ் கெடைக்காது. ஆனா மேட்ச் நடுவுல திடீர்னு குடுக்காதீங்க, பயந்துடுவான். முந்தின நாளே கேப்டன் அவன்கிட்ட நேர்ல சொல்லணும், எந்தப் பக்கம் அடிக்கப் போறான்னு அவனே முடிவு பண்ணி அதையே திரும்பத் திரும்ப அடிச்சுப் பழகட்டும்.

கீழக்கரை_மிட்ஃபீல்டு:
சரிண்ணே. இன்னைக்கு அஸருக்கு அப்புறம் பிராக்டிஸ் இருக்கு, கேப்டன்கிட்ட பேசிடுறேன். ரைட் விங்குக்கு ஒரு சின்னப் பையன் இருக்கான், நல்ல வேகம், அவனையும் கூட்டிட்டுப் போறேன்.