பெர்கியா முட்டை பொரிக்கிறது, குஞ்சு நிற்கவில்லை: யாராவது உதவுங்கள்

திங்கள்நகர் தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு கிளவுன் மீன் ஜோடி வளர்க்கிறேன். மண்சட்டித் துண்டில் ஒழுங்காக முட்டை போடுகின்றன. ஆனால் தொட்டி முழுக்க ஐப்டேசியா, களைபோலப் பெருகும் சின்னக் கடல் அனிமோனி. கல்லில், கண்ணாடியில், பம்ப் குழாய்க்குள்ளே, இப்போது அந்தச் சட்டித் துண்டிலும் முளைத்துவிட்டது. ராத்திரி விளக்கு அணைந்ததும் மீன்முட்டை பொரித்து குஞ்சுகள் மேலே வரும்போது பாதியை இந்த அனிமோனிகள் பிடித்துக்கொள்கின்றன. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

அதனால் இந்த ஐப்டேசியாவைத் தின்னும் பெர்கியா என்ற ஓடில்லாத சின்னக் கடல் நத்தையை வளர்த்து விடலாம் என்று, ஏற்கெனவே வளர்க்கும் ஒரு நண்பரிடமிருந்து சில பெரிய நத்தைகள் வாங்கினேன். தனி பிளாஸ்டிக் டப்பா, 5 லிட்டர் தண்ணீர், மெதுவாக ஒரு ஏர் ஸ்டோன். நன்றாகச் சாப்பிடுகின்றன, வெள்ளைச் சுருளாக முட்டையும் போடுகின்றன. முட்டை பொரிவதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக வெள்ளைக் குஞ்சுகள் டப்பா சுவரில் ஊர்கின்றன. ஒரு வாரம் போல இருக்கின்றன, அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விடுகின்றன. செத்துக் கிடப்பதும் தெரியவில்லை. ஒவ்வொரு சுருளுக்கும் இதே கதை.

தண்ணீர் குளச்சலிலிருந்து வருகிறது, வள்ளத்தில் போகிறவர்கள் உள்கடலில் எடுத்துத் தருவார்கள். அம்மோனியா கிட் போட்டால் ஒன்றும் காட்டவில்லை. எங்கே இடிக்கிறது?

தக்கலை உப்புத்தண்ணி

தங்கச்சி, முதலில் ரெண்டு கேள்வி. அந்த டப்பாவிலோ ஏர் ஸ்டோனிலோ எப்போதாவது மீனுக்குச் செம்பு மருந்து போட்டதுண்டா? வெல்வெட் நோய்க்குப் போடும் காப்பர் மருந்து மீனைக் காப்பாற்றும், ஆனால் நத்தை, இறால் எதையும் விட்டுவைக்காது. பிளாஸ்டிக்கிலும் கல்லிலும் ஒட்டியிருந்து பிறகு மெல்ல வெளியே வரும்.

ரெண்டாவது, ஏர் பம்ப் இருக்கிற அறையில் கொசு மருந்து மெஷின் ஓடுகிறதா? நம்ம ஊர் மழைக்காலத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது, தெரியும். ஆனால் பம்ப் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கொசுவைக் கொல்லும் மருந்து முதுகெலும்பில்லாத மற்ற உயிர்களுக்கும் விஷம்தான்.

திங்கள்நகர் தொட்டி

அண்ணே, டப்பா புதுசு, செம்பு எதுவும் பட்டதில்லை. கொசு மெஷின் பக்கத்து அறையில்தான், பம்ப் இருக்கிற அறையில் இல்லை. பெரிய நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விஷமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மார்த்தாண்டம் மீன்பிரியன்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? சுண்ணாம்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து சிரிஞ்சில் எடுத்து அனிமோனியின் வாயில் விடுங்கள், சுருங்கிச் சாகும். இல்லாவிட்டால் பெப்பர்மின்ட் இறால் நாலு விடுங்கள். முட்டம் கடற்கரைப் பாறை இடுக்கிலேயே எத்தனையோ வண்ண நத்தை கிடைக்கும், அதில் ஒன்றைப் பிடித்துப் போட்டாலும் போதுமே.

ராஜாக்கமங்கலம் பழைய மாணவி

மீன்பிரியன் அண்ணன் சொல்வதில் கால்வாசிதான் சரி. சுண்ணாம்பு ஒரு அனிமோனிக்கு உதவும். ஆனால் பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தால் போதும், அதிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கும். நடந்துபோகும்போதே பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுவிட்டுப் போகிற உயிர் இது. பம்ப் குழாய்க்குள் இருப்பதை எந்த சிரிஞ்சும் எட்டாது. அங்கேதான் பெர்கியாவுக்கு வேலை.

பெப்பர்மின்ட் இறால் சில தொட்டிகளில் தின்னும், சிலவற்றில் தொடவே தொடாது. நத்தையோடு சேர்த்து விட்டால் நத்தையையும் தின்னக்கூடும். ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முட்டத்து நத்தைகளை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். இந்த மாதிரி வண்ண நத்தைகளுக்குப் பெரும்பாலும் சாப்பாடு மிகக் குறுகியது. ஒன்று ஒரு வகைக் கடற்பஞ்சை மட்டும் தின்னும், இன்னொன்று ஹைட்ராய்டு என்ற செடி போன்ற பொடிக் கடல் உயிரில் ஒரு வகையை மட்டும். உங்கள் தொட்டியில் அது பட்டினி கிடந்து சாகும். பெர்கியாவும் அப்படித்தான், ஐப்டேசியா தவிர வேறு எதையும் தின்னாது. மஜானோ அனிமோனியைக்கூடத் தொடாது.

தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பெர்கியாவின் ஆய்வக வளர்ப்பு பற்றி கரோல், கெம்ப் இருவரும் 1990இல் எழுதிய கட்டுரை பெர்கியா வெருசிகார்னிஸ் என்ற பெயரில் இருக்கும். நாம் வளர்க்கும் ஃபுளோரிடா நத்தையை 2005இல் தனி இனமாகப் பிரித்து ஸ்டெபனியே என்று பெயர் வைத்தார்கள். ரெண்டு பெயரிலும் தேடுங்கள்.

தங்கச்சி, உப்பு அளவு என்ன? அறை வெப்பம் என்ன? அது ரெண்டும் தெரியாமல் மேலே பேச முடியாது.

திங்கள்நகர் தொட்டி

அக்கா, இப்போதுதான் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்த்தேன். பெரிய தொட்டி 1.025. குஞ்சு டப்பா 1.029 காட்டுகிறது. தண்ணீர் வெப்பம் மத்தியானம் 30, ராத்திரி 27. சூடு குறையட்டும் என்று டப்பாவுக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்திருக்கிறேன்.

தக்கலை உப்புத்தண்ணி

ஃபேன்தான் உப்பை ஏற்றுகிறது. காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும், அதனால்தான் குளிர்கிறது. ஆனால் போவது நல்ல தண்ணீர், உப்பு டப்பாவிலேயே நிற்கும். 300 லிட்டர் தொட்டியில் அது பெரிதாகத் தெரியாது, 5 லிட்டர் டப்பாவில் ரெண்டு நாளில் தெரிந்துவிடும். டப்பாவின் வெளியே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் ஆர்ஓ தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கோடு வரைக்கும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஏற்கெனவே ஏறியிருக்கும் உப்பையும் ஒரேயடியாக இறக்காமல் ரெண்டு மூன்று நாளில் இறக்குங்கள்.

சூட்டுக்கு இன்னொரு வழி: டப்பாவை அப்படியே பெரிய தொட்டியின் சம்ப்புக்குள், அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்குள், மிதக்க விடுங்கள். அவ்வளவு தண்ணீர் சுற்றி இருந்தால் பகலுக்கும் ராத்திரிக்கும் இவ்வளவு ஏற்ற இறக்கம் வராது. 24 முதல் 27 டிகிரி வரைக்கும் இருந்தால் இவற்றுக்கு வசதி.

மணக்குடி பெரியம்மா

மக்களே, உப்பும் சூடும் சரிசெய்ய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நீ சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. "ஒரு வாரம் போல இருக்கின்றன, அப்புறம் காணாமல் போகின்றன" என்கிறாய். அது விஷமும் இல்லை, வெப்பமும் இல்லை. பசி.

குஞ்சு வெளியே வரும்போது உடம்பில் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். அதை வைத்துச் சில நாள் ஓட்டும். அதற்குள் முதல் ஐப்டேசியாவைக் கடித்துவிட வேண்டும். கடித்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. முதுகில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, தின்ற குஞ்சுக்கு அதற்குள் பழுப்பு நிறம் ஏறும். அனிமோனிக்குள் இருக்கும் பாசியின் நிறம் அது. உன் குஞ்சுகள் கடைசி வரைக்கும் வெள்ளையாகவே இருந்தனவா? இருந்தால் ஒரு கடிகூடக் கடிக்கவில்லை என்று அர்த்தம்.

டப்பாவில் எந்த அளவு அனிமோனி போட்டாய்? பெரிய நத்தைக்குப் போடுவதையே குஞ்சுக்கும் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். பெரிய அனிமோனி தன் பக்கத்தில் வரும் மில்லிமீட்டர் குஞ்சைக் கொட்டும், பிடித்து விழுங்கவும் செய்யும். செத்துக் கிடப்பது உன் கண்ணில் படாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

என் முறை இது. முட்டைச்சுருளைப் போட்டவுடனே எடுக்காதே, ரெண்டு மூன்று நாள் கழித்து, வாய் அகலமான பைப்பெட்டால் மெல்ல ஊதிப் பிரித்துத் தனிக் கண்ணாடி டம்ளருக்கு மாற்று. 25, 26 டிகிரியில் ஏறத்தாழ 10 முதல் 12 நாளில் பொரியும். பொரிந்ததும் வேறு டப்பாவில் வளர்க்கும் பொடி ஐப்டேசியாக்களை, பயறு அளவைவிடச் சின்னதாக இருப்பவற்றை, சிப்பி ஓட்டோடு அப்படியே உள்ளே வை. அது கிடைக்காவிட்டால் பெரிய ஒன்றை எடுத்து பிளேடால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போடு. நறுக்கிய துண்டு குஞ்சைப் பிடித்து விழுங்காது, குஞ்சு கூட்டமாக வந்து மொய்க்கும். ஆனால் மறுநாளே மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் தண்ணீர் நாறிவிடும். தண்ணீர் மாற்றும்போது குழாயின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டு.

இதில் பாடுபட வேண்டியது நத்தையோடு இல்லை மக்களே, அனிமோனியோடு. ஒரு நத்தை முட்டையிலிருந்து தானே முட்டை போடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 2 மாதம். அதுவரைக்கும் நாள் தவறாமல் தீனி வேண்டும். நத்தை வாங்கும் முன்பே ரெண்டு டப்பா ஐப்டேசியா ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். நல்ல வெளிச்சம் கொடு, வாரத்தில் ரெண்டு மூன்று தடவை அன்று பொரித்த ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) கொடு, சாப்பிட்ட சில மணி நேரத்தில் தண்ணீர் மாற்று. பெருகிக்கொண்டே இருக்கும்.

திங்கள்நகர் தொட்டி

பெரியம்மா, நீங்கள் கேட்டபடிதான். குஞ்சுகள் கடைசி வரைக்கும் வெள்ளையாகவே இருந்தன. டப்பாவில் இருந்தது எல்லாம் கட்டைவிரல் நீளத்துக்குப் பெரிய அனிமோனிகள். இன்றே சிப்பி ஓடுகளில் பொடி அனிமோனிகளைத் தனியாகப் பிரித்து வைக்கிறேன். இப்போது ஒரு சுருள் பொரியும் தறுவாயில் இருக்கிறது. நறுக்கிப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். பெரிய நத்தைகளைக் குஞ்சுகளோடு வைக்கலாமா?

மணக்குடி பெரியம்மா

வேண்டாம். பெரியவை இருக்கிற அனிமோனியை எல்லாம் காலி செய்துவிடும், குஞ்சுக்குத் தீனி மிஞ்சாது.

திங்கள்நகர் தொட்டி

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். பழுப்பு நிறம் ஏறிவிட்டது! நறுக்கிப் போட்ட துண்டுகளைச் சுற்றி மொய்த்தன, இப்போது லென்ஸ் இல்லாமலே கண்ணுக்குத் தெரிகின்றன. எல்லாம் இல்லை, நிறைய போய்விட்டன, ஆனால் இத்தனை நாள் தாண்டி உயிரோடு குஞ்சு பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெரியம்மா, தக்கலை அண்ணன், அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உப்பு 1.025க்கு வந்துவிட்டது, டப்பா சம்ப்புக்குள் மிதக்கிறது.

இனி இவற்றைக் கிளவுன் தொட்டிக்கு எப்போது மாற்றுவது?

தக்கலை உப்புத்தண்ணி

ஒரு சென்டிமீட்டராவது வளரட்டும். அதற்கு முன் தண்ணீரை ஓட்டும் பவர்ஹெட்டுக்கும் தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவுக்கும் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள், இல்லாவிட்டால் வளர்த்ததெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். விளக்கு அணைத்த பிறகு, அனிமோனி அடர்த்தியாக இருக்கும் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து விடுங்கள். ராத்திரியில்தான் இவை நடமாடும். பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும், காணவில்லை என்று கல்லைப் புரட்ட வேண்டாம். கிளவுன் மீன் சாதாரணமாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ராஸ், பட்டர்ஃபிளை மீன், நண்டு ஏதாவது இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பல வாரம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அப்புறம் சட்டென்று அனிமோனி குறையத் தொடங்கும். முழுக்கத் தீர்ந்ததும் நத்தைகளை எடுத்துவிடுங்கள், தீனி இல்லாமல் சுருங்கிச் செத்துவிடும். எனக்குக் கொஞ்சம் தாருங்கள், என் தொட்டியிலும் இதே தொல்லை.

ராஜாக்கமங்கலம் பழைய மாணவி

நல்ல செய்தி தங்கச்சி. ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இந்த நத்தை நம்ம கடலைச் சேர்ந்தது இல்லை. அது தின்னும் அனிமோனியும் எந்தக் கடையிலிருந்து எந்தத் தண்ணீரோடு வந்ததோ தெரியாது. அதனால் டப்பா கழுவும் தண்ணீரையும் மாற்றிய தண்ணீரையும் கடலிலோ ஏவிஎம் கால்வாயிலோ பக்கத்து ஓடையிலோ ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் முழுக்க வைத்து, அப்புறம் வீட்டுச் சாக்கடையில் விடுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் தென்னை மூட்டிலும் வேண்டாம். அந்த வாளியையும் பைப்பெட்டையும் இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிளீச்சிங் பட்டது எதுவும் குஞ்சு டப்பாவுக்குள் போகக் கூடாது.