விடிகாலை ஈசிஆர் ரைடு: வாட்ச் வாங்கவா, லைட் வெச்ச ஹெல்மெட் வாங்கவா?

கோவளம்_ரிட்டர்ன்:
திருவான்மியூர்லேர்ந்து கோவளம், சைக்கிள்ல, வாரம் மூணு நாள். நாலே முக்காலுக்குக் கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள வீடு. போன வாரம் ஒரு வேன் முழங்கையை உரசுற மாதிரி போச்சு. அதை வீட்ல சொன்னது என் தப்பு. விழுந்தா தானா போன் பண்ற வாட்ச் கட்டினாத்தான் இனிமே ரைடாம். எனக்கு பின்பக்கம் லைட் வெச்ச ஹெல்மெட் மேல ஒரு கண்ணு. மஞ்ச ஜாக்கெட் ஏற்கனவே இருக்கு.

பழைய_செயின்:
மஞ்ச ஜாக்கெட்டை நம்பாதீங்க தம்பி. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டாத்தான் அது பளீர்னு அடிக்கும். நாலே முக்காலுக்கு அது வெறும் மஞ்சத் துணி. இருட்டுல உதவுறது சாம்பல் கலர் ரிஃப்ளெக்டர் பட்டைதான், ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதைக் கணுக்கால்ல கட்டுங்க. முதுகு அசையாது, போர்டா ஆளான்னு டிரைவருக்குப் புரியாது. ரெண்டு பட்டை மாறி மாறி மேலயும் கீழயும் போனா, எவனோ மிதிக்கிறான்னு சட்டுனு தெரிஞ்சுடும்.

ஹெல்மெட் லைட் சும்மா கூடுதலுக்கு. தலையைத் தாழ்த்தி மிதிச்சா அது வானத்தைப் பார்க்கும். சீட்டுக்கு அடியில ஒரு சிவப்பு லைட் கண்டிப்பா வேணும்.

வாட்ச், விழுந்ததுக்கு அப்புறம் பேசுற சாமான். நானும் ஒண்ணு கட்டியிருக்கேன். ஒருநாள் ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி குதிச்சு, சடன் பிரேக் அடிச்சு நின்னேன். கேன்சல் பண்ணச் சொல்லி அது கத்தினது ஜாக்கெட் கைக்குள்ள, எனக்குத் தெரியல. முட்டுக்காட்டுல டீ குடிச்சிட்டிருக்கேன், மச்சான் லுங்கியோட ஸ்கூட்டர்ல வந்து நிக்கிறார்.

கியர்_இல்லாதவன்:
கழுத்துல மாட்டுற ஏர்பேக் ஒண்ணு வந்துச்சே அண்ணே?

பழைய_செயின்:
ஹோவ்டிங். ஸ்வீடன்ல மால்மோக்காரங்களோடது. விழுறப்போ சென்சார் கண்டுபிடிச்சு, கண் இமைக்கிறதுக்குள்ள தலையைச் சுத்தி உப்பிடும். ஒரு தடவை உப்பினா அவ்வளவுதான், புதுசு வாங்கணும். அந்தக் கம்பெனியே 2023 டிசம்பர்ல திவால். இருந்திருந்தாலும் நம்ம மே மாசத்துல கழுத்துல மப்ளர் சுத்திட்டு எவன் ஓட்டுறது?

கோவளம்_ரிட்டர்ன்:
கணுக்கால் பட்டை ரெண்டு வாங்கிட்டேன். நேத்து ராத்திரி தெருமுனையில என்னை மிதிக்கச் சொல்லிட்டு, ஸ்கூட்டர் ஹெட்லைட்டைப் போட்டு வீட்ல பார்த்தாங்க. “ஆளே தெரியல, ரெண்டு கால் மட்டும் வருது”ன்னாங்க. பாஸ்தான். வாட்சும் வாங்கணுமாம்.

பழைய_செயின்:
வாங்கிடுங்க. போனை வீட்ல வெச்சுட்டுப் போகாதீங்க, நிறைய வாட்ச் போன் வழியாத்தான் கூப்பிடும். எமர்ஜென்சி நம்பர்ல மச்சானைப் போடாதீங்க.